ஒன்றரை லட்சம் வரி மிச்சம் என்கிறார்கள், மின்சார கார் வாங்கலாமா?

பசுந்தேயிலை, கோத்தகிரி
நவம்பர் 8, 2025, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரிப் பக்கம் ரெண்டரை ஏக்கர் தேயிலை. பறிக்கிற இலையை அப்படியே ஃபேக்டரிக்குக் கொடுத்துவிடுவோம். வீட்டம்மா அரசுப் பள்ளி ஆசிரியை. 16 வருடம் ஓடின பழைய வண்டி இப்போது கட்டபெட்டு ஏற்றத்திலேயே மூச்சு வாங்குகிறது, அதனால் மாற்றலாம் என்று இன்று கோயம்புத்தூரில் ஒரு ஷோரூம் போயிருந்தோம். மின்சார கார் ஒன்று பிடித்தது, விலை 12 லட்சத்து 40 ஆயிரம். விற்கிற பையன் ஒரு தாளில் கணக்குப் போட்டு, "சார், லோன் போட்டு வாங்குங்கள், 80இஇபியில் ஒன்றரை லட்சம் வரி மிச்சம், அப்போது வண்டி உங்களுக்கு 10.90 தான்" என்று எழுதிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து டல்லாஸில் இருக்கும் அக்கா மகனிடம் சொன்னால், அவன் "மாமா, இங்கே கவர்ன்மென்டே 7,500 டாலர் கொடுத்தது, நம் காசுக்கு ஆறரை லட்சம்" என்கிறான்.

எனக்கு ரெண்டு கேள்விதான். இந்த ஒன்றரை லட்சம் நிஜமா? வண்டியை யார் பேரில் வாங்குவது, என் பேரிலா, வீட்டம்மா பேரிலா?

கணக்கர், குன்னூர்
நவம்பர் 8, 2025, இரவு 10.05

அண்ணா, முதலில் அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போடுங்கள், குளிருக்காவது ஆகும்.

80இஇபி என்பது வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவு, 2019 பட்ஜெட்டில் வந்தது. மின்சார வண்டி வாங்க வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ கடன் வாங்கியிருந்தால், அந்தக் கடனுக்குக் கட்டுகிற வட்டியில் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆனால் கடன் 2019 ஏப்ரல் 1-க்கும் 2023 மார்ச் 31-க்கும் நடுவில் சாங்ஷன் ஆகியிருக்க வேண்டும். அந்தத் தேதியை அதற்கப்புறம் நீட்டிக்கவே இல்லை. நீங்கள் இன்றைக்குப் போடுகிற கடனுக்கு அதில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது.

இன்னொன்று, அந்தப் பிரிவு உயிரோடு இருந்த காலத்திலும் "ஒன்றரை லட்சம் வரி மிச்சம்" என்பது தப்புதான். ஒன்றரை லட்சம் என்பது வருமானத்தில் கழிகிற தொகைக்கு உச்சவரம்பு, வரியில் இல்லை. அதுவும் வட்டிக்கு மட்டும், அசலுக்குக் கிடையாது. 30 சதவீத வரி கட்டுகிறவர் ஒரு வருடத்தில் 80,000 வட்டி கட்டியிருந்தால் அவருக்கு மிஞ்சுவது 24,000, செஸ் சேர்த்தால் 24,960. ஒன்றரை லட்சம் எங்கே, இது எங்கே.

பையனைத் திட்டாதீர்கள், பாவம், பழைய நோட்டீஸை யாரோ கையில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருப்பார்கள்.

மலைரயில்
நவம்பர் 8, 2025, இரவு 10.31

நானும் இதே வசனத்தைப் போன மாதம் வேறொரு இடத்தில் கேட்டேன். தேதி போட்டுக் கேட்டால் "கன்ஃபர்ம் பண்ணிட்டுச் சொல்றேன் சார்" என்றார்கள். இன்னும் கன்ஃபர்ம் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள் போல.

கேத்தி டு டல்லாஸ்
நவம்பர் 9, 2025, காலை 6.48

பசுந்தேயிலை மாமா, உங்கள் அக்கா மகன் நான் இல்லை, ஆனால் நானும் டல்லாஸ்தான், ஊர் கேத்தி. அவர் "கொடுத்தது" என்று இறந்தகாலத்தில் சொன்னாரே, அதுதான் சரி. இப்போது கிடையாது. 2025 செப்டம்பர் 30-க்குப் பிறகு வாங்கிய வண்டிக்கு அந்த 7,500 டாலர் வரிக் கிரெடிட் இல்லை என்று ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான சட்டத்தில் முடித்துவிட்டார்கள்.

அது இருந்தபோதும் எல்லோர் கையிலும் 7,500 டாலரை எண்ணிக் கொடுக்கவில்லை. 2008-இல் வந்த சட்டம், 2022-இல் பெரிதாக மாற்றினார்கள். மாற்றினதற்கு அப்புறம் 7,500-ஐ ரெண்டாகப் பிரித்து, பேட்டரிக்கான கனிமம் எங்கிருந்து வந்தது என்பதற்கு 3,750, பேட்டரி பாகங்கள் எங்கே செய்தவை என்பதற்கு 3,750 என்று வைத்தார்கள். வண்டியை வட அமெரிக்காவில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டியிருக்க வேண்டும். கார் என்றால் விலை 55,000 டாலருக்குள், எஸ்யூவி, வேன், பிக்கப் என்றால் 80,000-க்குள். வாங்குகிறவர் வருமானம் தனி ஆளுக்கு 1,50,000, கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் 3,00,000 டாலரைத் தாண்டக் கூடாது. பழைய மின்சார காருக்கும் ஒன்று இருந்தது, 25,000 டாலருக்குள் டீலரிடம் வாங்கினால் விலையில் 30 சதவீதம், அதிகபட்சம் 4,000. அதுவும் செப்டம்பரோடு முடிந்தது.

முக்கியமான விஷயம், அது ரொக்கமாகத் திரும்பக் கொடுக்கிற கிரெடிட் இல்லை. எனக்கு அந்த வருடம் கட்ட வேண்டிய வரி 5,000 என்றால் 5,000 மட்டும் அடிபடும், மிச்சம் 2,500 காற்றில் போனது போனதுதான், அடுத்த வருடத்துக்கும் எடுத்துப்போக முடியாது. என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் வேலை மாறி பாதி வருடம் சம்பளம் இல்லாமல் இருந்தார், அந்த வருடம் பார்த்து கார் வாங்கி, 7,500 வரும் என்று நம்பி, கையில் வந்தது 3,000 சொச்சம். இதற்காகத்தான் 2024-இலிருந்து கிரெடிட்டை டீலருக்கே மாற்றிக் கொடுத்து பில்லிலேயே கழித்துக்கொள்ளலாம் என்று கொண்டுவந்தார்கள். அப்படி எடுத்தவர்களுக்கு வரி குறைவாக இருந்தாலும் முழு 7,500-உம் கிடைத்தது. வருமான வரம்பைத் தாண்டினவர்கள் மட்டும் திருப்பிக் கட்ட வேண்டும்.

நானே கடைசி வாரத்தில்தான் ஒப்பந்தம் போட்டுப் பணம் கட்டினேன், வண்டி அக்டோபரில் வந்தது. செப்டம்பர் 30-க்குள் எழுத்து ஒப்பந்தமும் ஒரு தொகையும் போயிருந்தால் போதும் என்றார்கள், அதனால் பிழைத்தேன்.

படுகர்பையன்
நவம்பர் 9, 2025, காலை 8.20

சார், எல்லோரும் கழிவு, கிரெடிட், தள்ளுபடி என்று அடித்து விளையாடுகிறீர்கள், எனக்குப் பாதி புரியவில்லை. கழிவுக்கும் கிரெடிட்டுக்கும் என்னதான் வித்தியாசம்? நான் காலேஜ் ரெண்டாம் வருடம்தான், திட்டாமல் சொல்லுங்கள்.

கணக்கர், குன்னூர்
நவம்பர் 9, 2025, காலை 9.02

தம்பி, உன் வீட்டில் இலை போடுவீர்கள்தானே. மழை நாளில் ஃபேக்டரிக்காரர் இலை ஈரம் என்று எடையில் பத்து கிலோ குறைப்பார், பார்த்திருப்பாய். அந்தப் பத்து கிலோவால் உனக்கு எத்தனை ரூபாய் போகும் என்பது அன்றைய கிலோ விலையைப் பொறுத்தது. கழிவு என்பது அதைத் திருப்பிப் போட்ட மாதிரி: வருமானம் என்கிற எடையில் குறைக்கிறார்கள், மிஞ்சுகிற ரூபாய் உன்னுடைய வரி விகிதத்தைப் பொறுத்தது. 5 சதவீதக்காரருக்குக் கொஞ்சம், 30 சதவீதக்காரருக்கு அதிகம், வரியே இல்லாதவருக்குப் பூஜ்ஜியம்.

கிரெடிட் என்பது, உரம் வாங்கின கணக்கில் நீ 4,000 ரூபாய் பாக்கி, கடைக்காரர் அதில் 1,000 அடித்துவிட்டார் என்று வைத்துக்கொள், அது. எடை, விலை எதுவும் இடையில் வராது, நேராக ரூபாயில் குறையும். ஆனால் பாக்கி 600 தான் என்றால்? "சரி, மிச்சம் 400-ஐ கையில் தருகிறேன்" என்று சொல்கிற கடைக்காரரும் உண்டு, "பாக்கி தீர்ந்தது, போய் வா" என்கிறவரும் உண்டு. டல்லாஸ்காரர் சொன்ன கதை ரெண்டாவது வகை.

படுகர்பையன்
நவம்பர் 9, 2025, காலை 9.10

இப்போது புரிந்தது சார். எங்கள் அப்பாவுக்கு அந்தப் பத்து கிலோவை நினைத்தாலே இன்னும் ரத்தம் கொதிக்கும்.

கூடலூர்க்காரி
நவம்பர் 9, 2025, மதியம் 2.36

நான் 80இஇபி கிடைக்கிற கூட்டத்தில் ஒருத்தி, அதாவது கிடைக்க வேண்டிய கூட்டத்தில். 2022 நவம்பரில் கடன் சாங்ஷன், வண்டி டிசம்பரில் வந்தது. தேதி எல்லாம் சுத்தம். முதல் வருடம் எடுத்துக்கொண்டேன். அடுத்த வருடம் வட்டி 92,000, என்னுடையது 20 சதவீத அடுக்கு, அந்தக் கழிவால் மட்டும் 19,136 ரூபாய் மிஞ்சியிருக்க வேண்டும்.

நடந்தது என்ன என்றால், 2023-24-இலிருந்து நாமாக எதுவும் சொல்லாவிட்டால் புதிய வரிமுறைதான் என்று ஆக்கிவிட்டார்கள், புதிய முறையில் இந்தக் கழிவு கிடையாது. அலுவலகத்தில் பேப்பர் சுற்றுக்கு வந்ததை நான் கவனிக்கவில்லை, அவர்களும் கேட்காமல் புதிய முறையில் போட்டுவிட்டார்கள். சரி, ரிட்டர்ன் போடும்போது பழைய முறைக்கு மாறிக்கொள்ளலாம் என்று இருந்தேன், மாறவும் முடியும்தான், ஆனால் ஜூலை 31-க்குள் போட்டால். அந்த ஜூலையில் கூடலூரில் மழை எப்படி இருந்தது என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும், ரெண்டு நாள் கரண்ட் இல்லை, நெட் இல்லை, நான் ஆகஸ்ட் முதல் வாரத்தில் போட்டேன். தாமதமாகப் போட்டால் பழைய முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதை அந்தப் பக்கம் திறந்த பிறகுதான் பார்க்கிறேன். மழையின் மேல் பழி போடலாம், ஆனால் ஜூன் மாதமே போட்டிருக்கலாம் என்பதும் உண்மை.

2023 மார்ச்சுக்கு முன்னால் கடன் எடுத்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் ஒவ்வொரு வருடமும் இதைப் பாருங்கள். கடன் முடிகிற வரை கழிவு உண்டு, நீங்கள் பழைய முறையில் இருக்கிற வரை.

பசுந்தேயிலை, கோத்தகிரி
நவம்பர் 9, 2025, மாலை 6.15

சரி, ஒன்றரை லட்சம் போச்சு. அமெரிக்காக்காரர்களுக்கும் போச்சு என்பதில் ஒரு சின்ன ஆறுதல். அப்போது மின்சார வண்டி வாங்குகிறவனுக்கு அரசாங்கம் எதுவுமே செய்வதில்லையா? வெறும் பச்சை நம்பர் பிளேட் மட்டும்தானா?

கணக்கர், குன்னூர்
நவம்பர் 9, 2025, மாலை 7.40

செய்கிறது அண்ணா, நன்றாகவே செய்கிறது, ஆனால் நாம் தேடுகிற இடத்தில் இல்லை. ரிட்டர்னில் தேடுகிறோம், அது பில்லில் இருக்கிறது.

உங்கள் 12.40 லட்சத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மின்சார வண்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், 2019 ஆகஸ்ட் 1-இலிருந்து அதுதான், அதற்கு முன் 12. அந்த 12.40-க்குள் இருக்கிற ஜிஎஸ்டி ஏறக்குறைய 59,000. இப்போது செப்டம்பர் 22-இல் சின்ன பெட்ரோல் காருக்கு 18 சதவீதமாகக் குறைத்தார்களே, அந்த 18-ஐ இதே வண்டிக்குப் போட்டால் 2,12,500 வந்திருக்கும். பெரிய பெட்ரோல் வண்டி என்றால் 40. ஆக இங்கேயே உங்களுக்கு ஒன்றரை லட்சம் குறைந்துவிட்டது, பையன் சொன்ன அதே ஒன்றரை லட்சம், வேறு கதவு வழியாக.

அப்புறம் சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரியை ஏற்றினார்கள் இல்லையா, 5 லட்சத்துக்கு மேல் 10 வரை 13 சதவீதம், 10-க்கு மேல் 20 வரை 18, அதற்கு மேல் 20. பெட்ரோல் வண்டிக்கு 12.40-இல் 18 என்றால் 2,23,200 ரூபாய். பேட்டரி வண்டிக்கு முழு விலக்கு. அதைப் பையன் சொல்லவே இல்லை பாருங்கள், கையில் இருக்கிற தங்கத்தை விட்டுவிட்டுக் காணாமல் போன பித்தளையைக் காட்டியிருக்கிறான். பதிவுக் கட்டணமும் இல்லை. மூன்றாம் நபர் காப்பீட்டில் 15 சதவீதம் குறைவு.

ஆனால் தேதி. இந்தச் சாலை வரி விலக்கு 2025 டிசம்பர் 31 வரை. முதலில் 2022 டிசம்பர் 31-இல் முடிய வேண்டியது, 2025 வரை தள்ளினார்கள். இந்த முறையும் தள்ளலாம். "லாம்" என்கிற ரெண்டு எழுத்தின் மேல் 2 லட்சத்தை நான் வைக்க மாட்டேன். வரி கட்டுவது பதிவின்போது, அதனால் புக்கிங் தேதியைக் காட்டிச் சண்டை போட முடியாது, வண்டி கைக்கு வந்து பதிவாகியிருக்க வேண்டும்.

கேத்தி டு டல்லாஸ்
நவம்பர் 9, 2025, இரவு 8.55

அருமை. ஒன்று கவனித்தீர்களா, அங்கே 80இஇபிக்குக் கடன் சாங்ஷன் ஆன தேதி, சாலை வரிக்குப் பதிவுத் தேதி, எனக்கு ஒப்பந்தத் தேதி. ஒரே வண்டி, மூன்று தேதி, மூன்றையும் வேறு வேறு சட்டம் பார்க்கிறது. விற்கிறவர் சொல்லும் தேதி நான்காவது.

இன்னொரு வேடிக்கை. இங்கே மின்சார கார் கிரெடிட்டை எடுத்த அதே சட்டத்தில் கார் கடன் வட்டிக்கு வருடம் 10,000 டாலர் வரை கழிவு கொடுத்திருக்கிறார்கள், 2025-லிருந்து 2028 வரை, அமெரிக்காவில் பூட்டின புது வண்டியாக இருக்க வேண்டும், பெட்ரோலா பேட்டரியா என்று கேட்பதில்லை. நம் ஊரில் கழற்றிப் போட்ட சட்டையை இங்கே எடுத்து மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

குன்றின்குரல்
நவம்பர் 9, 2025, இரவு 9.30

எல்லோரும் சந்தோஷமாகக் கணக்குப் போடுகிறீர்கள், நான் கொஞ்சம் கெடுக்கிறேன். 12 லட்சத்துக்குக் கார் வாங்க முடிகிறவனுக்கு 2 லட்சம் சாலை வரி விலக்கு, காலையில் பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் பனியில் நிற்கிறவளுக்கு என்ன? பெட்ரோல் போட்டு ஓடுகிற பழைய மொபெட்காரன் ஒவ்வொரு லிட்டருக்கும் வரி கட்டுகிறான். இந்த மலையில் நல்ல மினி பஸ் பத்து விட்டால் இதைவிடப் புகை குறையும்.

கூடலூர்க்காரி
நவம்பர் 9, 2025, இரவு 9.52

பஸ் விஷயத்தில் முழுசாக ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று, தனியார் காருக்கு மத்திய அரசின் நேரடி மானியம், ஃபேம் என்கிற மின்சார வண்டி மானியத் திட்டத்தின் முதல் கட்டத்தோடு முடிந்துவிட்டது. ஃபேம் இரண்டாம் கட்டத்தில் கார் மானியம் வாடகை வண்டிகளுக்கு மட்டும், இப்போது நடக்கிற பிஎம் இ-டிரைவிலும் சொந்தக் கார் கிடையாது. ஸ்கூட்டருக்கு 2025-26-இல் உண்டு, பேட்டரியின் ஒரு கிலோவாட் மணிக்கு 2,500, அதிகபட்சம் 5,000, போன வருடம் இதைப்போல் ரெண்டு மடங்கு இருந்தது. அது கடையிலேயே விலையில் கழிந்துதான் வரும். மொபெட்காரருக்கு அதாவது இருக்கிறது, போதாது என்று சொன்னால் சண்டைக்கு வர மாட்டேன்.

கல்லார் வளைவு, மேட்டுப்பாளையம்
நவம்பர் 10, 2025, காலை 7.05

வரியை விடுங்கள், மலைக்கு வருவோம். ரெண்டு வருடமாகக் குன்னூர் ரோட்டில் மின்சார கார் ஓட்டுகிறேன். மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 320 மீட்டர், குன்னூர் 1,850. வண்டியும் ஆளும் சேர்ந்து 1,600 கிலோ என்றால் அந்த 1,500 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கே ஆறரை யூனிட் வேண்டும், இயற்பியல், யாரும் தள்ளுபடி தர மாட்டார்கள். டயர், காற்று எல்லாம் தனி. கம்பெனி சொன்ன கிலோமீட்டரை மனதில் வைத்துக்கொண்டு ஏறினால் பர்லியாறு தாண்டும்போது வயிற்றைக் கலக்கும்.

இறங்கும்போது அதில் ஒரு பங்கு திரும்ப வரும், பிரேக் சூடாகாது, கட்டை தேயாது, கொண்டை ஊசி வளைவில் காலை எடுத்தாலே வண்டி நிதானமாகிவிடும். ஆனால் வீட்டில் ராத்திரி முழுக்கப் போட்டு 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு உடனே மலையிறங்காதீர்கள். நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது, இறக்கத்தில் வருகிற மின்சாரத்தை பேட்டரி வாங்காது, அந்தப் பிடிப்பு இல்லாமல் பிரேக்கையே மிதிக்க வேண்டியிருக்கும். மலையில் இருக்கிறவர்கள் 85-இல் நிறுத்திவிட்டு இறங்குங்கள்.

ஜனவரி உறைபனியில் தூரம் குறையும், அதையும் கணக்கில் வையுங்கள். வீட்டு எர்த்தை எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்டுச் சார்ஜர் மாட்டுங்கள், பாறை நிலத்தில் பல வீட்டில் எர்த் பேருக்குத்தான் இருக்கிறது.

தங்கும்விடுதிக்காரன், குன்னூர்
நவம்பர் 10, 2025, காலை 10.18

நான் ஹோம்ஸ்டே நடத்துகிறேன், விருந்தாளிகளை அழைத்து வர ஒரு மின்சார வண்டி எடுத்திருக்கிறேன். என் ஆடிட்டர் தேய்மானம் 40 சதவீதம் போடலாம் என்கிறார், சாதாரண காருக்கு 15 தானாம். சரியா?

கணக்கர், குன்னூர்
நவம்பர் 10, 2025, மதியம் 1.25

சரிதான், தொழிலுக்கு ஓடுகிற மின்சார வண்டிக்கு 40. வாங்கின வருடம் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் அந்த வருடம் அதில் பாதி. ஆனால் நீங்கள் விற்றுமுதலில் இத்தனை சதவீதம் லாபம் என்று உத்தேச முறையில் கணக்குக் காட்டுகிறவர் என்றால் தேய்மானம் தனியாகக் கேட்க முடியாது, அந்தச் சதவீதத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது என்பார்கள். சொந்தப் பயணத்துக்கும் அதே வண்டி என்றால் அந்தப் பங்கைக் கழிக்க வேண்டும். கல்யாணத்துக்குக் கோவை போய்வந்ததை எல்லாம் விருந்தாளி கணக்கில் எழுதாதீர்கள் அண்ணே.

பசுந்தேயிலை, கோத்தகிரி
நவம்பர் 10, 2025, இரவு 8.03

கணக்கர் சார், ரெண்டாவது கேள்விக்கு வரவே இல்லையே. யார் பேரில்? வீட்டம்மா சம்பளம் வருடத்துக்கு 11 லட்சத்து 40 ஆயிரம். என் இலைப் பணம் தவிர எனக்கு வேறு வருமானம் இல்லை, நான் ரிட்டர்ன் போட்டதே இல்லை, பான் கார்டு மட்டும் இருக்கிறது.

கணக்கர், குன்னூர்
நவம்பர் 10, 2025, இரவு 9.14

இதைத்தான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும் நான்.

பறித்த இலையை அப்படியே விற்கிறவருக்கு அது முழுக்க விவசாய வருமானம், மத்திய வருமான வரி கிடையாது. இலையைத் தூளாக்கி விற்கிற எஸ்டேட்டுக்குத்தான் 60 விவசாயம், 40 தொழில் என்று பிரிப்பார்கள். அக்காவுக்கு, அதாவது உங்கள் வீட்டம்மாவுக்கு, இந்த வருடம் புதிய முறையில் சம்பளக்காரர்களுக்கான நிலைக்கழிவு 75,000 போக 10.65 லட்சம், 12 லட்சத்துக்குள், வரி பூஜ்ஜியம். ஆக உங்கள் வீட்டில் ரெண்டு பேருக்கும் கட்ட வேண்டிய வரியே இல்லை. 80இஇபி இன்றைக்கு உயிரோடு இருந்தாலும், டல்லாஸ் கிரெடிட்டைக் கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்தாலும், உங்களுக்குக் கையில் ஒன்றும் நிற்காது. இல்லாத வரியில் எதைக் குறைப்பது? பில்லில் குறைந்த ஜிஎஸ்டியும் சாலை வரியும்தான் உங்களைப் போன்றவர்களுக்கு வந்து சேர்கிற சலுகை, அதற்கு நீங்கள் வரி கட்டுகிறவரா என்று யாரும் கேட்பதில்லை.

ஒரே ஒரு கிரெடிட் உண்டு, அது சலுகை இல்லை, உங்கள் பணமேதான். 10 லட்சத்துக்கு மேல் கார் வாங்கினால் டீலர் 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்கும்போதே முன்கூட்டி வாங்கிக் கட்டுகிற வருமான வரி, பிடிப்பார், மின்சார காருக்கும் விதிவிலக்கு இல்லை. உங்களுக்கு 12,400. அது பில்லில் தனி வரியாக இருக்கும், யாருடைய பான் கொடுக்கிறீர்களோ அவர் பேரில் வரவு விழும், பிடித்த வரியைக் காட்டுகிற 26ஏஎஸ் அறிக்கையில் தெரியும், ரிட்டர்ன் போட்டால் வரி இல்லாதவருக்கு முழுசாகத் திரும்பும். மலையில் எத்தனை பேர் இதை ஷோரூம் செலவு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள் தெரியுமா, போன வருடம் மட்டும் என்னிடம் வந்த நாலு பேருக்கு வாங்கிக் கொடுத்தேன். பான் கொடுக்காமல் விட்டால் 1 இல்லை, 5 சதவீதம் பிடிப்பார்கள், அதையும் மறக்காதீர்கள்.

அக்கா எப்படியும் வருடா வருடம் ரிட்டர்ன் போடுகிறவர். அவர் பேரில் வாங்குங்கள், 12,400 தானாக வந்துவிடும். உங்கள் பேரில் என்றால் அந்தத் தொகைக்காக நீங்கள் புதிதாக ரிட்டர்ன் போட வேண்டும். சம்பளத்தில் வரி பிடிக்கிறவராக இருந்தால் 12பிஏஏ என்று ஒரு படிவம் பள்ளியில் கொடுத்து இந்த 12,400-ஐ அங்கேயே சரிக்கட்டிக்கொள்ளலாம், 2024 அக்டோபரிலிருந்து அது உண்டு, அக்காவுக்குத் தேவைப்படாது.

மலைரயில்
நவம்பர் 10, 2025, இரவு 9.40

ஐயோ. 2023-இல் நான் வாங்கின வண்டி 14 லட்சம். டிசிஎஸ் என்று 14,000 போட்டிருந்தது, நான் அது ஏதோ ஃபாஸ்டேக் மாதிரி என்று நினைத்தேன்.

கணக்கர், குன்னூர்
நவம்பர் 10, 2025, இரவு 9.44

எந்த மாதம், ரிட்டர்ன் போட்டீர்களா இல்லையா, தனியாக எழுதுங்கள், பார்ப்போம்.

பசுந்தேயிலை, கோத்தகிரி
டிசம்பர் 10, 2025, இரவு 7.30

எல்லோருக்கும் சொல்லியே ஆக வேண்டும். வண்டி வீட்டம்மா பேரில் போன வாரம் பதிவாகிவிட்டது, பச்சை பிளேட், டிஎன் 43. சாலை வரி பூஜ்ஜியம் என்று ரசீதில் பார்த்தபோதுதான் தூக்கம் வந்தது. ஷோரூமில் அதே பையன்தான், 80இஇபி தேதியைச் சொன்னேன், முகம் சுண்டிப்போய், "எனக்கு யாரும் சொல்லலை சார்" என்றான். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கல்லார் வளைவு ஏற்றத்தைப் பற்றிச் சொல்லியிருந்ததால் ஷோரூமிலிருந்து 95 சதவீதத்தோடு புறப்பட்டோம், கோத்தகிரி ரோடு வழியாக வீடு வந்தபோது எதிர்பார்த்ததைவிட நன்றாகவே மிச்சம் இருந்தது. பாதி வழியில் மூடுபனி, முன்னால் ஒரு லாரி, பின்னால் வீட்டம்மா "மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க" என்று. சத்தமே இல்லாத வண்டியில் அந்தச் சத்தம் மட்டும்தான்.

ஒரு சந்தேகம். பில்லில் டிசிஎஸ் 12,400 இருக்கிறது, ஆனால் 26ஏஎஸ்-இல் பார்த்தால் இன்னும் ஒன்றும் காணோம். ஏமாற்றிவிட்டார்களா?

கணக்கர், குன்னூர்
டிசம்பர் 10, 2025, இரவு 8.11

வாழ்த்துகள் அண்ணா. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிடித்ததற்கு டீலர் ஜனவரி 15-க்குள்தான் கணக்குத் தாக்கல் செய்வார், அதற்கப்புறம்தான் விழும். பில்லை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு ஜனவரிக் கடைசியில் பாருங்கள். அப்போதும் இல்லை என்றால் சொல்லுங்கள், நானே கோயம்புத்தூர் வருகிறேன்.

பசுந்தேயிலை, கோத்தகிரி
டிசம்பர் 10, 2025, இரவு 8.15

வண்டியில் வாருங்கள் சார், நான் கூட்டிப்போகிறேன். 85-இல் நிறுத்திவிட்டு.